பாசின்னு ஒரு பேரா?

பிள்ளை பிறந்த பதினோராம் நாள் காலையில் மேஸ்திரி கதவை எட்டி உதைத்துத் திறந்தார். உதைக்கத் தேவையே இல்லை. தாழ் போடாத கதவு, விரலால் தொட்டாலே திறந்துகொள்ளும். ஆனால் எதையும் உடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். முப்பத்தெட்டு வருஷம் கல்குவாரியில் கிடந்த ஆள். உதைபட்ட கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் முழங்காலிலேயே இடித்தது. அதற்கும் சேர்த்துத்தான் கத்தினார்.

"பாசின்னு ஒரு பேராடா? பாசியாம் பாசி! குழாயடியில நின்னு ஊரே சிரிக்குது!"

அவருடைய இளைய மகன், பாறையில் வெடிக்குத் துளை போடுகிறவன், பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். குவாரியில் அவனைத் துளைக்காரன் என்பார்கள். அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். கட்டிலில் அவன் பெண்டாட்டி, வீட்டில் சின்னவள் என்று பேர் எடுத்தவள், பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள்.

முந்தின நாள் பிள்ளைக்கு எடை பார்க்க வந்த நர்ஸ், "பேரு யோசிச்சாச்சா?" என்று கேட்டிருந்தாள். சின்னவள் சொல்லிவிட்டாள். நர்ஸ் குழாயடியில் கை கழுவும்போது அதைச் சொல்ல, சாயங்காலத்துக்குள் கிரஷர் வரைக்கும் போய்விட்டது பேர்.

"மாமா, குழந்தை தூங்குது."

"தூங்கட்டும். தூக்கத்துலயே கேட்டுக்கட்டும். என் மூத்தவன் பேருதான் இவனுக்கு. அதை மாத்த எவளுக்கும் உரிமை கிடையாது. பாசின்னு கூப்பிட்டா பயறு விக்க வந்திருக்கான்னு நினைச்சுப் படியைத் தூக்கிக்கிட்டு வருவாளுங்க!"

சின்னவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். அடுப்பு மேல் இருந்த தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துச் சுவரில் அடித்தார். சுண்ணாம்புச் சுவரில் பழுப்பு நிறம் வழிந்தது. துளைக்காரன் எழுந்து, "அப்பா, பச்சைப் பிள்ளை இருக்கிற இடம்..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. முப்பது வயசு ஆண்பிள்ளை, ஒரு பிள்ளைக்குத் தகப்பன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து அவனை விட்டுட்டாங்க," என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்தி. அவர் கத்தும்போதைவிட இதுதான் பயமாக இருந்தது. "லாரிக்காரன். உன் அண்ணனைக் கொன்னவன். மூணு வருஷம் தின்னு கொழுத்துட்டு வெளிய வந்துட்டான். இங்கதான் வருவான், எனக்குத் தெரியும். வரட்டும். என் மூத்தவன் சாகலடா, இதோ பாருன்னு இந்தப் பிள்ளையைத் தூக்கி அவனுக்குக் காட்டணும். பேரைச் சொல்லிக் காட்டணும். காட்டிட்டு..."

மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைப் பார்த்தார்.

"மத்தியான வெடிக்கு முன்னாடி பதிவு ஆபீசுல போய்ப் பேரை எழுதிட்டு வா. எந்தப் பேருன்னு உனக்கே தெரியும்."

போகும்போது கதவை மறுபடி ஒரு உதை. இந்தத் தடவை கீல் பெயர்ந்தது.

மூத்தவன் செத்தது குவாரியில் எல்லாரும் அறிந்த கதை. லோடு ஏற்றுவதில் யார் முந்தி என்று லாரிக்காரனோடு தகராறு வந்தது, லாரிக்காரன் கடப்பாரையால் மண்டையில் போட்டான். அவ்வளவுதான் கதை. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி மேஸ்திரி. சின்னவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மூத்தவன் போய் ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. அவனை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். நல்ல உயரம், மார்பை நிமிர்த்திக் கைகட்டி, படம் பிடிப்பவனையே அடித்துவிடுவதுபோல ஒரு பார்வை. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள். சாப்பாட்டில் குறை சொல்லக்கூட வாய் வராது.

துளைக்காரன் சுவரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, "நிசமாவே கேக்கறேன். ஏன் பாசி?" என்றான்.

"இதை நீங்க முதல்லயே கேட்டிருந்தா நர்சுகிட்ட சொல்லியிருக்க மாட்டேன்."

"இப்ப கேக்கறேன்ல."

சின்னவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். ஏழாம் மாசம் வரைக்கும் அவள் ஜல்லி உடைக்கப் போனவள். கிரஷர் வாய்க்குள் போகாத பெரிய கல்லைக் கைச் சுத்தியலால் உடைத்துப் போடும் வேலை. வெயில் மேலேயும் சுடும், கல்லிலிருந்து திரும்பியும் சுடும். மத்தியானம் மூச்சு முட்டினால் பழைய குழிப் பக்கம் போய்விடுவாள். கல் நல்லதாக இல்லையென்று பத்து வருஷத்துக்கு முன்னால் கைவிட்ட குழி அது.

"அங்க ஒரு பாறைச் சுவர் நிக்குதுல்ல, உங்கப்பா வெடி வச்சுப் பிளந்தது? அவர் போட்ட துளையெல்லாம் பாதிப் பாதியா இன்னும் வரி வரியாத் தெரியும். கோடைக்கெல்லாம் அந்த வரியில கருகினாப்பல என்னமோ ஒட்டியிருந்துச்சு. செத்ததுன்னு நினைச்சேன். நகத்தால சுரண்டிக்கூடப் பாத்தேன், தூளாக் கொட்டுச்சு. ஒரு நாள் நல்ல மழை அடிச்சு ஓஞ்சுது. சாயங்காலம் போய்ப் பாக்கறேன், மேலேர்ந்து கீழ வரைக்கும் பச்சை. அவர் போட்ட ஒவ்வொரு துளையிலயும் பச்சை. பாறை முழுக்கக் கொதிக்குது, அது மட்டும் சில்லுன்னு இருக்கு. கன்னத்தை வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல."

"அதுக்காக?"

"இந்த ஊர்ல எல்லாரும் கல்லை உடைச்சுத்தான் சாப்பிடறோம். உங்கப்பா, நீங்க, நான், எல்லாரும். அது ஒண்ணுதான் கல்லை உடைக்காம கல்லு மேல பொழைக்குது. யாரும் விதைக்கல, தண்ணி ஊத்தல. காஞ்சா செத்தாப்பல கிடக்கு. ஒரு மழை பெஞ்சா எந்திரிச்சுக்குது. பிள்ளைக்கு அப்படி ஒரு பேரு இருந்தா என்ன?"

"பாசின்னா வழுக்கி விடும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

"மிதிக்கிறவனுக்குத்தானே வழுக்கும்? பக்கத்துல உக்காந்தவன் எவனாவது விழுந்திருக்கானா?"

துளைக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறை வாங்கிய கன்னம் வலித்ததால் பாதியில் நின்றது. "பேருன்னா ஒரு கனம் வேணாமா?" என்றான்.

"கனம் வேணும்னா பாறைன்னு வையுங்க. இங்க கனத்துக்கா பஞ்சம்?"

துளைக்காரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டுவிரலால் தொட்டான். பிறகு எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்தான்.

"பேரு உன் இஷ்டம். நீ சொன்னதையே எழுதிக்கலாம். இந்த வேலை வேற. அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன். எனக்குத் துளை போடக் கத்துக்குடுத்தவன். அவனைக் கொன்னவன் என் கண்ணு முன்னாடி நடந்து போனா நான் என்னன்னு இருக்கறது?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. நீங்க அதைச் செஞ்சுட்டுப் போயிட்டா இவனை எல்லாரும் என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க? கொலைகாரன் மகன்னுதானே?"

அவன் போய்விட்டான். பதிவு ஆபீஸ் பக்கம் போகவில்லை. வேலை நடக்கிற குவாரிக் குழிப் பக்கம் போனான்.

கொஞ்ச நேரத்தில் பெரியவள் வந்தாள், கஞ்சிச் சட்டியோடு. மூத்தவனின் பெண்டாட்டி. பின்கட்டு அறையில் தனியாக இருந்தாள். அவளுக்கு இடது மணிக்கட்டு கோணல். கிரஷர் பட்டையில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். பெயர்ந்த கதவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் உடைந்ததைப் பற்றிக் கேட்கிற வழக்கம் இல்லை.

"குடி. ஆறிடும்," என்று கஞ்சியை நீட்டினாள்.

சின்னவள் வாங்கிக் கீழே வைத்தாள். "அக்கா, உங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன். உங்க வீட்டுக்காரர் பேரை இவனுக்கு வச்சா, தினம் அதைக் காதுல கேக்கப் போறது நீங்கதான். சாப்பிட வா, குளிக்க வான்னு நூறு தடவை கூப்பிடணும். உங்களுக்கு அது ஆறுதல்னா சொல்லுங்க, நான் பாசியை விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன்."

பெரியவள் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேரை வெளிய யாராச்சும் கூப்பிட்டா எனக்குத் தெரிஞ்சுடும், குவாரியிலேர்ந்து கிளம்பிட்டாருன்னு. கை தானா தலை மேல போயிடும்," என்றாள். சொல்லும்போதே வலது கை உயர்ந்து உச்சந்தலையை மூடிக்கொண்டது. "இப்பக்கூடப் பாரு. செத்து மூணு வருஷம் ஆச்சு."

சின்னவள் அந்தக் கோணல் மணிக்கட்டைப் பார்த்தாள். "உங்க கை..."

"கிரஷராவது ஒண்ணாவது. கிரஷர்ல மாட்டினா கை மிஞ்சுமாடி? வாசப்படியில வச்சு மிதிச்சாரு."

பிறகு அவள் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் அடைத்து வைத்த வாய்.

"அன்னிக்கு விடிஞ்சும் விடியாம வெடிமருந்துக் கிடங்கு பக்கம் அவருக்குக் கஞ்சி கொண்டு போனேன். கஞ்சியில கல்லு கிடந்துச்சாம். கல்குவாரியில கஞ்சியில கல்லு கிடக்காம முத்தா கிடக்கும்? முடியைப் பிடிச்சு இழுத்து, தலையைப் பாறையில மோதினாரு. ஒண்ணு, ரெண்டு... எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ணினா வலி தெரியாது. லாரிக்காரன் வண்டிக்குத் தண்ணி பிடிக்க வந்தவன், வாளியைப் போட்டுட்டு ஓடி வந்து அவரைப் பிரிச்சு இழுத்தான். 'விடுய்யா, செத்துடப் போவுது'ன்னான். இவர் கடப்பாரையை எடுத்து அவன் காதுல ஒரு போடு போட்டாரு. காது கிழிஞ்சு தொங்குது. ரெண்டாவது ஓங்கும்போது அவன் பிடுங்கிட்டான். பிடுங்கின வேகத்துல திருப்பி அடிச்சான். ஒரே அடி."

"லோடு தகராறுன்னு..."

"மாமா சத்தம் கேட்டு ஓடி வந்தாரு. மகனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அழல. என் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இங்க இல்ல. பொண்டாட்டியை அடிக்கப் போய்ச் செத்தான்னு என் மகனுக்குப் பேரு வரக்கூடாது'ன்னாரு. நானும் கோர்ட்டுல நின்னு, நான் அங்க இல்லன்னு சொன்னேன். அவன் கூண்டுல நின்னு என்னையே பாத்தான். திட்டலடி. வெறுமனே பாத்தான்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லிட்டு எங்க போறது? இந்தக் கையை வச்சுக்கிட்டு?"

அப்போதுதான் கிரஷர் நின்றது. வெடி நேரம் தவிர நிற்காத யந்திரம். அதன் இரைச்சலில்தான் அந்தக் குடியிருப்பில் பிள்ளைகள் தூங்கும். சத்தம் நின்றதும் பிள்ளை விழித்து வீறிட்டது. வெளியே யாரோ ஓடினார்கள். "லாரிக்காரன் வந்திருக்கான்! லோடு மேடைக்கிட்ட!"

பதினோரு நாள் பச்சை உடம்பு. எழுந்தபோது சின்னவளுக்கு அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. பிள்ளையைத் துணியோடு அள்ளிக்கொண்டாள். "வாங்கக்கா," என்றாள். பெரியவள் தலைமேல் வைத்த கையை எடுக்காமலே பின்னால் வந்தாள்.

லோடு மேடை முன்னால் குவாரி ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் லாரிக்காரன். ஒரு காலத்தில் தடித்த ஆள் என்று சட்டை சொன்னது, இப்போது அது கொடியில் காய்வதுபோல உடம்பில் தொங்கியது. ஒரு காது சுருங்கிப்போயிருந்தது. கையில் ஒரு துணிப் பை, வேறொன்றுமில்லை. அவனுக்கு எதிரே துளைக்காரன் கடப்பாரையோடு. துளைக்காரனுக்குப் பின்னால் மேஸ்திரி.

"நான் சண்டைக்கு வரலப்பா," என்றான் லாரிக்காரன். "அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேள்வி கேக்கறானாம்!" மேஸ்திரி மகன் முதுகில் குத்தினார். "டேய், வேடிக்கையா பாக்கறே? உன் அண்ணன் ரத்தம்டா!"

துளைக்காரன் அடித்தான். கடப்பாரை லாரிக்காரனின் தொடையில் விழுந்தது. ஈர மூட்டையை அடித்ததுபோல மொத்தென்று ஒரு சத்தம். லாரிக்காரன் முட்டி போட்டு உட்கார்ந்தான். பையை மட்டும் மார்போடு பிடித்துக்கொண்டான். திருப்பி அடிக்கக் கை தூக்கவில்லை.

"அடிடா! மண்டையில! அவன் அடிச்ச மாதிரியே!"

துளைக்காரன் இரண்டு கையாலும் கடப்பாரையைத் தலைக்கு மேலே தூக்கினான். சின்னவள் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள். தடுக்கவில்லை, கெஞ்சவில்லை. நேராகப் போய், வீறிட்டு அழும் பிள்ளையை அவன் மார்பின்மேல் வைத்து, தன் கையை எடுத்துவிட்டாள்.

பிள்ளை சரிந்தது. துளைக்காரன் கடப்பாரையை விட்டான். அது பின்னால் விழுந்து கல்லில் கணீரென்றது. இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் முகம் கோண அப்படியே நின்றான்.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? விழுந்திருந்தா?" என்றான் கடைசியில்.

"விழல இல்ல? பிடிச்சுக்கோங்க."

பெரியவள் வட்டத்துக்குள் வந்துவிட்டாள். லாரிக்காரன் முன்னால் போய் நின்றாள். "கேளு," என்றாள்.

அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "நீ அங்க இருந்தியா, இல்லையா? மூணு வருஷமா யோசிக்கிறேன். சில நாள் எனக்கே சந்தேகம் வந்துடுது, நான்தான் கனவு கண்டேனோன்னு. அதைச் சொல்லிடு, போதும்."

"இருந்தேன்." பெரியவள் குரலை உயர்த்தினாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. "எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் அங்க இருந்தேன். எம்புருஷன் என்னைக் கொன்னுக்கிட்டு இருந்தாரு. இவன் வந்து பிரிச்சான். முதல் அடி எம்புருஷன் அடிச்சது. கோர்ட்டுல நான் சொன்னது பொய். மாமா சொன்னதும் பொய்!"

மேஸ்திரி குனிந்து கடப்பாரையை எடுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் நகரவில்லை. முப்பத்தெட்டு வருஷ மேஸ்திரி, அவர் கை ஓங்கினால் ஒதுங்கி நிற்பதுதான் அங்கே பழக்கம். முதல் அடி பெரியவளின் இடது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவள் விழுந்து, வலது கையால் தலையை மூடிக்கொண்டாள். எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு," என்றது அவள் வாய்.

சின்னவளுக்கு அந்த எண்ணிக்கைதான் காதில் விழுந்தது. பக்கத்து ஜல்லிக் குவியலில் யாரோ வேலையை விட்டுப் போட்டுவைத்த சுத்தியல் கிடந்தது. எடுத்தாள். அந்தக் கனமும் பிடியும் கைக்குப் பழக்கம். எந்தக் கல்லுக்கும் ஒரு இடம் உண்டு, அங்கே தட்டினால் பிளக்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே மேஸ்திரிதான். இரண்டாவது தடவை அவர் ஓங்கியபோது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அடித்தாள். பச்சைக் கிளை ஒடிகிற சத்தம். ஜல்லி உடைக்கிறவளுக்குக் குறி தப்பாது.

மேஸ்திரி கத்தவில்லை. கடப்பாரை கீழே விழ, தொங்குகிற தன் கையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"எங்கப்பாடி..." என்றான் துளைக்காரன். பிள்ளையை வைத்துக்கொண்டு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுதான்.

சின்னவள் காலோடு ரத்தம் வழிந்தது. பிரசவ உடம்பு. அதை அவள் அப்புறம்தான் பார்த்தாள்.

லாரிக்காரன் கையை ஊன்றி எழுந்தான். ஆட்கள் இரண்டு பேர் பிடிக்கப் போனார்கள், வேண்டாமென்று தலையாட்டினான். பெரியவளைக் குனிந்து பார்த்தான்.

"இதைக் கேட்டா மனசு ஆறும்னு நினைச்சேன்," என்றான். "ஆறல."

நொண்டிக்கொண்டே போனான். அந்தப் பக்கம் அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் தோளில் கட்டோடு பெரியவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். பொய்ச் சாட்சி சொன்னதற்கு அவள் மேலேயும் வழக்கு, மேஸ்திரி மேலேயும் வழக்கு. கை உடைத்ததற்காகச் சின்னவளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். யார் அடித்தது என்று மேஸ்திரியிடம் கேட்டபோது, "பாறையிலேர்ந்து விழுந்தேன்," என்றார். பொம்பளையிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் சின்னவள் தப்பினாள். பெரியவள் வேறு ஊருக்குப் போய் ஒரு சலவைக் கடையில் சேர்ந்தாள். கோணல் கையால் துணி மடிக்க முடிகிறது என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள்.

பதிவு ஆபீசுக்குத் துளைக்காரனே போனான். அங்கே இருந்த குமாஸ்தா தாளைப் பார்த்துவிட்டு, "எழுத்து ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாராம்.

"இல்லைங்க. பாசிதான்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"கல்லு மேல முளைக்கிறதுங்க. கல்லை உடைக்காம."

குமாஸ்தா தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். இதை அவன் பெண்டாட்டியிடம் சொன்னதே இரண்டு மாசம் கழித்துத்தான். அப்பா கையை உடைத்தவளோடு அவனுக்கு அதுவரை பேச்சில்லை. பக்கத்தில் படுப்பான், பிள்ளையைத் தூக்குவான், பேச மாட்டான். சில நாள் தூக்கத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு முனகுவான். லாரிக்காரனைத் தான் அடித்த இடம்.

சின்னவளுக்குத் தூக்கமே வராத நாட்கள் இருந்தன. அந்தச் சத்தம் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. கல் உடைக்காத ஒன்றின் பேரைப் பிள்ளைக்கு வைத்தவள், எலும்பை உடைத்தாள். அடிக்காமல் இருந்திருக்கலாமா என்று யோசிப்பாள். 'ஒண்ணு' என்று எண்ணிய குரல் ஞாபகம் வரும். இருந்திருக்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் எழுந்துபோய்க் கையைக் கழுவுவாள்.

மேஸ்திரிக்கு எலும்பு கோணலாகக் கூடியது. வலது கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. வேலை போயிற்று. கொஞ்ச நாளில் வாதம் வந்து காலும் விட்டுப்போய், முன்னறைக் கட்டிலில் கிடந்தார். இடது கையால் தின்ன மாட்டேன் என்றார்; அவருக்குச் சோறு ஊட்ட வேண்டியவள் சின்னவள்தான். முதல் மாசம் ஊட்டிய கஞ்சியை அவள் முகத்திலேயே துப்பினார். துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டுவாள். "துப்பினா திரும்பக் காய்ச்சுவேன் மாமா. எனக்கு வேலை, உங்களுக்குப் பட்டினி. யோசிச்சுக்கோங்க," என்பாள். பிறகு துப்புவதை விட்டார்.

ஆனால் பேர் மட்டும் சொல்லவில்லை. "டேய்" என்பார், "இந்தா" என்பார். யாரும் இல்லையென்று நினைக்கும்போது மெதுவாக, மூத்தவன் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவார். சின்னவள் அடுக்களையில் இருந்து பல தடவை கேட்டிருக்கிறாள். முதலில் ரத்தம் கொதித்தது. பிறகு விட்டுவிட்டாள். அந்தப் பேருக்குப் பிள்ளை திரும்புவதில்லை.

பிள்ளைக்குப் பதினோரு மாசம் ஆனபோது ஒரு பகல் திடீரென்று மேகம் கூடியது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சின்னவள் முன்னறையில் தரை அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள், கிழவருக்குக் கைக்கு ஒத்தடம் கொடுக்க. தவழ்கிற பிள்ளையைக் கட்டில் காலடியில் உட்கார வைத்து, கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது.

துணியை உருவிக்கொண்டிருந்தபோது உள்ளே கிழவர் மூத்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஆரம்பிச்சாச்சு என்று நினைத்தாள். மறுபடி கூப்பிட்டார், இன்னும் சத்தமாக. "இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல," என்று முனகிக்கொண்டு கடைசிச் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"பாசி!"

அவள் கை கொடியிலேயே நின்றது.

"டேய் பாசி! டேய்! நில்லுடா! பாசி!"

துணியைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினாள்.

வெந்நீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பிள்ளை, ஒரு கையைப் பாத்திரத்தை நோக்கி நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். கழுத்தை மட்டும் திருப்பித் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ கூப்பிட்டார்களே என்ற முகம். கிழவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, உதவாத கையைத் தரையில் ஊன்றி, வலியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

சின்னவள் பிள்ளையை வாரி எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் மூச்சு வந்தது. கிழவரின் அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மழை கூரையில் சடசடவென்று இறங்கியது.

"பேரைச் சொல்லிட்டீங்களே மாமா," என்றாள்.

கிழவர் வலிக்கிற கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "வேற என்ன பண்ணச் சொல்ற?" என்றார். "அந்தப் பேருக்குத்தானே திரும்பறான்."